ஹெலிகொப்டருக்குக் காட்டாத கற்பூரம்

அரியாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெரியவர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்:

“என்ரை புது ஹெலிகொப்டருக்குக் கற்பூரம் காட்ட விடேல்லையெண்டு அண்டைக்கு மனிசிக்கு உன்னிலை சரியான கோவம், தம்பி.”

“விளையாட்டு ஹெலிகொப்டர் எண்டாலும் டாங்க் நிறைய மெதனோல் எல்லோ, அண்ணை. வெயிலுக்கை அது பத்தினாலும் நெருப்புக் கண்ணுக்குத் தெரியாது.”

“ஓம். நீ போனாப்பிறகு, சொன்னபடி ஸ்டார்ட் பண்ண முதல் எண்ணெய்க் குழாயைத் தடவிப் பாத்தன். ஒழுகி, அவ தட்டோடை நிண்ட புல்லெல்லாம் ஈரம். கூப்பிட்டுக் காட்டினன்.”

“அக்கா என்ன சொன்னவ?”

“பின்னேரம் கோயிலுக்குப் போய், அந்தக் கற்பூரத்தை உன்ரை பேரைச் சொல்லிக் கொளுத்திப்போட்டு வந்தவ.”