மாறிய அச்சும் மாறாத மனிதரும்

எங்கள் பல் மருத்துவமனையின் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் அயராது உழைத்து இன்று ஓய்வு பெறும் தொழில்நுட்பக் கலைஞருக்கு, 'பொறுங்க ஐயா' என்று நாங்கள் பாசத்தோடு அழைக்கும் பண்பாளருக்கு, மேல்தளத்து மருத்துவர்களும் செவிலியரும் உதவியாளர்களும் உளமார உவந்து படைக்கும் மடல்.

பழுதுற்ற பல்லையும் பழிக்காமல் பார்த்த பெருந்தகையே! மெழுகையும் பீங்கானையும் மென்விரலால் வசப்படுத்திய மேதையே! மயிரிழை இடைவெளியையும் மன்னிக்காத மாண்பாளரே! வணக்கம்.

இந்த மருத்துவமனையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் பொறுப்பு என் தலையில்தான் விழும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். பத்தரை மணிக்கு முன்னால் வாசற்படியை மிதித்தறியாத ஒருவரைக் 'காலந்தவறாக் கதிரவனே' என்று விளித்து எழுதியவள் நான். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எந்தப் புளுகும் தேவைப்படவில்லை. ஆனால் ஐயா, உங்களைப் பற்றி ஒரு புளுகு இந்தக் கட்டடத்தில் பதினோரு ஆண்டுகளாக உலவுகிறது. உங்கள் பணிப்பதிவேட்டில் நேற்றுவரை அது மையால் எழுதப்பட்டிருந்தது. நாளைக்கு நீங்கள் போய்விடுவீர்கள், சொல்லாவிட்டால் அது இங்கேயே தங்கிவிடும். அதைத் துடைக்காமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் வேலையைச் சொல்கிறேன். வந்திருக்கும் விருந்தினர்களுக்கு அது விளங்கினால்தான் மற்றதும் விளங்கும்.

சொத்தை சிறியதென்றால் மருத்துவரே அடைத்து அனுப்பிவிடுவார். பல் மிகவும் நொறுங்கியிருந்தால் நாலு பக்கமும் சீவிவிட்டு மேலே உறை மாட்டுவார். 'கேப்' என்கிறோமே, அதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. சாதாரண அடைப்பு தாங்காத அளவுக்குப் பள்ளம், ஆனால் சீவித் தள்ள மனம் வராத அளவுக்கு நல்ல பல் மீதம். அந்த இடத்துக்குத்தான் நீங்கள். கடைவாய்ப் பல்லின் மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தால் அது உள்பதிப்பு. உடைந்த மேட்டையும் சேர்த்து மூடினால் மேல்பதிப்பு. மேலே மருத்துவர் சொத்தையைச் சுரண்டி, பள்ளத்தைச் செம்மைப்படுத்தி, அச்சு எடுத்துக் கீழே அனுப்புவார். பல்லுக்குத் தற்காலிக அடைப்பு வைத்து ஆளை வீட்டுக்கு அனுப்புவோம். நீங்கள் அந்த அச்சில் கலவை ஊற்றி அவருடைய பல்லின் நகலை மேசைமேல் நிறுத்துவீர்கள். அதற்குப் பொருந்தப் பீங்கானில் ஒரு துண்டு செய்து, உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்த்து மேலே அனுப்புவீர்கள். மருத்துவர் ஒட்டுவார். ஒட்டிய பிறகு எது பல், எது பீங்கான் என்று அந்தப் பல்லுக்கு உரியவருக்கே தெரியாது.

மேலே இருந்து மருத்துவர்கள், "ஐயா, ஆச்சா?" என்று போனில் கேட்காத நாள் இல்லை. "பொறுங்க" என்று நீங்கள் சொல்லாத நாளும் இல்லை. அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. தேநீர் கொடுத்தாலும் "பொறுங்க, ஆறட்டும்" என்பீர்கள். தீப்பிடித்தாலும் இவர் இதைத்தான் சொல்வார் என்று நாங்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். உங்களுக்கும் தெரியும்.

புதிதாக வரும் ஒவ்வொரு மருத்துவரிடமும் நீங்கள் ஒரு விண்ணப்பம் வைப்பீர்கள். "டாக்டர், துண்டு உக்காரலைன்னா துண்டைத் திருப்பி அனுப்புங்க. பல்லைத் தேய்ச்சிடாதீங்க. துண்டு நான் இன்னொண்ணு செஞ்சு தருவேன். பல்லை யாரு செய்வா?" இதைக் கேட்டுச் சில மருத்துவர்களுக்கு முகம் சுருங்கும். கீழ்த்தளத்து ஆள் மேல்தளத்துக்குப் பாடம் எடுப்பதா என்று. நீங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இனி அந்த நாள்.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்துதான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கருவிகளுக்கு நீராவி ஏற்றும் பெட்டிக்குள் வைத்து உருக்கித் தொலைத்திருந்தேன். இன்னொரு தவறு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தலைமை மருத்துவர் சொல்லியிருந்தார். பல்லின் அச்சு பதிந்த தட்டுகளைக் கிருமி போக மருந்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாகத்தான் முக்க வேண்டும். எடுத்து, உலர்த்தி, பெயர்ச்சீட்டை ஒட்டிய பிறகே அடுத்த தட்டைத் தொட வேண்டும். அது விதி. அன்று ஒரு பேருந்து நடத்துநருக்கும் ஒரு தையற்காரம்மாவுக்கும் மேல்பதிப்புக்காக அச்சு எடுத்திருந்தோம். இருவருக்கும் அதே கீழ்க்கடைவாய்ப் பல். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகவே தண்ணீரில் போட்டேன். எடுக்கும்போது எது எவருடையது என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. கீழே வந்து உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உத்தேசமாகச் சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

ஐயா, இப்போது நீங்கள் கையை உயர்த்தி என்னை நிறுத்தப் பார்ப்பீர்கள் என்று தெரியும். மன்னியுங்கள், இன்று நான் நிறுத்துவதாக இல்லை.

அடுத்த வாரம் நடத்துநர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தார். அவருக்கு உடைந்திருந்தது ஒரு மேடுதான். ஆனால் வந்திருந்த துண்டு இரண்டு மேடுகளை மூடச் செய்தது. நன்றாக இருந்த இன்னொரு மேட்டில் முட்டிக்கொண்டு அது உட்காராமல் ஆடியது. அன்று பணியில் இருந்த மருத்துவர், "இந்த மேட்டையும் கொஞ்சம் தேய்ச்சா உக்காந்துடும்" என்று துளைக்கருவியைக் கையில் எடுத்தார். அதே நேரத்தில் கீழே நீங்கள் தையற்காரம்மாவின் வேலையைத் தொடங்கியிருந்தீர்கள். நடத்துநரின் சீட்டில் வெறும் 'மேல்பதிப்பு' என்றுதான் இருந்தது; இந்தச் சீட்டில் 'இரண்டு மேடுகள்' என்றும் இருந்தது. முன்னால் இருந்த நகலிலோ ஒரு மேடுதான் வெட்டப்பட்டிருந்தது. அச்சுகள் மாறியிருப்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது. படியில் உங்கள் செருப்புச் சத்தத்தை அப்படி நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கையெல்லாம் வெள்ளை மாவோடு கதவைத் தள்ளிக்கொண்டு, "பொறுங்க! அது அவரோட துண்டு இல்ல!" என்று கத்தினீர்கள்.

கருவி பல்லைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது.

நடத்துநர் எழுந்து உட்கார்ந்து, "அப்ப இவ்வளவு நேரம் என் வாயில இருந்தது யாரு பல்லுங்க?" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே சொன்னார். "எத்தனை தடவை வேணாலும் வரேன். நல்லா இருக்கிறதைத் தேய்ச்சிடாதீங்க." இரண்டு பேருக்கும் மறுபடி அச்சு எடுத்தோம். இரண்டு பேரும் அந்தப் பல்லோடுதான் இன்றும் சாப்பிடுகிறார்கள்.

மாலையில் தலைமை மருத்துவர் எல்லோரையும் நிற்க வைத்து, அச்சை மாற்றியது யார் என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "கலவை ஊத்தும்போது நான்தான் மாத்தி வெச்சிட்டேன் டாக்டர்."

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலைங்க" என்றார் அவர்.

படியிறங்கி ஓடிவந்து, "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன். "உனக்கு வேலை போனா போனதுதாம்மா. எனக்கு ரெண்டு திட்டு. ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. போ, போய்த் தட்டைக் கழுவி வை. ஒண்ணொண்ணா முக்கு" என்றீர்கள்.

மறக்கவில்லை ஐயா. பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்கூடத் தலைமைப் பதவி காலியானபோது அதைக் காட்டியே வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அதோடு விட்டார்களா? உங்களுக்குப் போகும் சீட்டுகளில் மட்டும் 'பெயரை இருமுறை சரிபார்க்கவும்' என்று குத்த ஒரு ரப்பர் முத்திரை செய்தார்கள். அந்த முத்திரையை நாள்தோறும் குத்தியது யார்? நான். பதினோரு ஆண்டுகள் என் கையால் குத்தி, என் கையாலேயே கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "குழந்தை பள்ளிக்கூடம் போறாளா?" என்று கேட்டீர்கள். முதலில் பயத்தால் சொல்லவில்லை. பிறகு பயம் போய்விட்டது. ஆனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு ஆண்டும் அது இன்னும் கொஞ்சம் கனமானது.

நேற்று தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். "அவரு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார். "நானும் சொல்லல டாக்டர்" என்றேன். பதிவேட்டை வரவழைத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரையைக் குப்பையில் போட்டார். "அந்தப் பதவியை இப்ப எப்படித் தர முடியும்?" என்று என்னிடமே கேட்டார். என்னை என்ன செய்வது என்பதை விழா முடிந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அது எதுவானாலும் சரி.

ஆன்றோரே! அருமைக் கலைஞரே! நீங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். இனி எந்த வேலைக்கும் எவரும் உங்களை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான வாய்களில் உங்கள் கைவேலை மென்றுகொண்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு உங்கள் முகமே தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.

கடைசியாக, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியாருக்கு ஒரு வார்த்தை. போன ஆண்டுவிழாவில் நீங்கள் என் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டீர்கள். "வீட்டுல மாத்திரை டப்பாவைக்கூட மூணு தடவை படிச்சிட்டுத்தாம்மா திறப்பாரு. இங்க மட்டும் எப்படி மாத்தி வெச்சாரு? கேட்டா சிரிக்கிறாரு. அந்தப் பதவி வராதப்ப ஒரு மாசம் நான் அவரோட முகங்கொடுத்துப் பேசலம்மா" என்றீர்கள். நான் தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து போனேன், திரும்பி வரவில்லை.

அம்மா, அவர் மாற்றி வைக்கவில்லை. மாற்றியவள் நான். அந்த ஒரு மாதம் நீங்கள் பேசாமல் இருந்திருக்க வேண்டியது என்னிடம்.

இங்ஙனம்,
தலைமை மருத்துவர், மருத்துவர்கள், செவிலியர், ஆய்வுக்கூடத்தார், வரவேற்பு மற்றும் துப்புரவுப் பணியாளர்கள்.

எல்லோரும் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டார்கள். எழுதியவள், மேல்தள உதவியாளர்.