உட்காரச் சொன்னவர்

மேடையிலிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மருத்துவர்களே, தாயை இழந்து நிற்கும் அன்பு மகளே, வேலைக்கு நடுவே ஓடிவந்திருக்கும் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பிரசவ வார்டின் தலைமைச் செவிலியர் போய்விட்டார். எனக்கு மேடைப் பேச்சு வராது. களைப்பாகவும் இருக்கிறது. இங்கே யாருக்குத்தான் களைப்பில்லை?

ஊரே அவரைக் 'கண் சிஸ்டர்' என்றது. பிள்ளை பெற்றவளின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். சிவந்திருந்தால் விடுவார். ரத்தசோகையில் வெளுத்திருந்தால், "உக்காரு" என்பார். அந்தப் பெயரை நம்பி ஒரு பெரியவர் கண்புரைக்கு மருந்து கேட்டு எங்கள் வார்டுக்கே வந்துவிட்டார்! அவருடைய இமையையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

நாமெல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்றோம். அவர் கட்டிலைப் பார்த்தார். பிள்ளை பிறந்ததும் தாயின் கதை முடிந்ததா? தலைசுற்றலும் மூச்சிரைப்பும் அதற்குப் பிறகுதானே வருகின்றன! தனியறைத் தாய்க்கு இரும்புச்சத்து ஊசி. பொது வார்டுத் தாய்க்கு மாத்திரையும், "நல்லா சாப்பிடும்மா" என்ற அறிவுரையும். "எப்போ சாப்பிடுவா? வீட்ல எல்லாரும் சாப்பிட்டு, சட்டியக் கழுவுறப்பவா?" என்று மருத்துவர்களிடமே கேட்டவர் அவர்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வார்டைத் துடைக்கும் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு சிஸ்டர், பேரு மட்டும் வேணாம்" என்றார்.

இங்கேதான் அந்த அக்காவுக்குப் பிரசவமானது. ஒப்பந்த வேலை, விடுப்பு கிடையாது. மூன்றே வாரத்தில் துடைப்பத்தோடு வந்து நின்றார். கண் சிஸ்டர் வராந்தாவில் மறித்து இமையைப் பார்த்தார். காகிதம்போல் வெளுத்திருந்தது.

"உக்காரு."

"வேல கெடக்கு சிஸ்டர்."

"வேல எங்கயும் ஓடிப்போகாது. நீதான் விழுந்துடுவ."

மேற்பார்வையாளர் வந்து, "அப்போ வார்டை யாரு துடைக்கிறது?" என்று கத்தினார்.

"நான் துடைக்கிறேன். நீங்க வாளியப் புடிங்க."

துடைத்தார்! அந்த மனிதர் வாளியோடு பின்னாலேயே போனார். எத்தனை நாள் கழித்து அன்று சிரித்தோம்! கண் சிஸ்டர் அக்காவுக்கு ஊசி போட்டு, உடம்பு தேறும்வரை வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார். கூலியோடு விடுப்பு வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். "பார்க்கலாம்" என்ற பதிலோடு ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

அவர் இறந்த மறுநாளே அந்த அக்காவுக்குப் போன் போனது: "ஆள் இல்ல, கெளம்பி வா."

அவர் வாய்வார்த்தையாகத் தந்த ஓய்வு அவரோடு போய்விட்டது. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளையெல்லாம் இன்று காலை போட்டது யார்? அந்த அக்காதான். இப்போதும் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

தலைவர் அவர்களே, அந்த விடுப்பை நாங்கள் தொடர்ந்து கேட்போம். இனி எங்கள் வார்டில் தாயின் இமையைப் பார்க்காமல் ஒருத்தியையும் அனுப்பமாட்டோம். விடுப்பு வரும்வரை வார்டை நாங்கள் முறைபோட்டுத் துடைப்போம். வாளியை யார் பிடிப்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்யட்டும்.

என் பேச்சு முடிந்தது. மேடையில் என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா, இங்க வாங்க. உக்காருங்க.