எலும்புக்காணி

உங்கள் கோப்பி நன்றாக இருக்கிறது. மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டு இயந்திரம் வெந்நீருக்குக் கறுப்பு நிறம் கொடுப்பதோடு சரி.

கொன்ஸ்ரன்ரைனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ஒஸ்லோவில் சரித்திரம் படிப்பித்த வாத்தியார், என் பத்து வருடச் சிநேகிதன். ரோமப் படையொன்று அழிந்த போர்க்களம் வட ஜேர்மனியில் எங்கோ புதைந்து கிடக்கிறது என்பது அவனுடைய பைத்தியம். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் பஸ் ஓட்டுகிறவன். அதற்கு முன் மன்னாரில் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றினேன். உலோகம் தேடும் கருவி என் கையில் சொன்ன பேச்சுக் கேட்கும்.

பழைய வரைபடங்களில் ‘எலும்புக்காணி’ என்ற பெயரைக் கண்டுபிடித்தது நான். மூன்று குளிர்காலம் நூலகத்தில் உட்கார்ந்தேன். உழும்போதெல்லாம் எலும்பு வந்தால் கமக்காரன் வேறென்ன பெயர் வைப்பான்? போன கோடையில் அங்கே, ரோமப் படையாட்கள் செருப்படியில் அடிக்கும் ஆணிகள் பதினெட்டு கிடைத்தன. கொன்ஸ்ரன்ரைன் அழுதேவிட்டான். நானும்தான்.

பிறகு கட்டுரை எழுதினான், தன் பெயரில் மட்டும். அடியில் பொடி எழுத்தில், கருவி சுமந்த நண்பருக்கு நன்றி.

“உன்ர பேரையும் போட்டால், பஸ்காரன்ர கதையெண்டு ஒருத்தரும் வாசியாங்கள் மச்சான்,” என்றான். நியாயம்தான். எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை.

இந்தக் கோடையும் போனோம். கண்ணிவெடி வேலையில், கருவி பிடிப்பவன் சொல்லாமல் மற்றவன் மண்ணில் கை வைக்கமாட்டான். அவனையும் அப்படியே பழக்கியிருந்தேன். செருப்பாணி என்றால் கருவி கீச்சென்று நறுக்காகச் சொல்லும். வடக்கு மூலையில் அது நீளமாக முனகியது. முதல் நாள் தனியாக நடந்தபோதே கேட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் எட்டு வருடம் சம்பளம் வாங்கினேன். இரண்டாம் உலக யுத்தத்துக் குண்டு.

“ஆணியோ? கொத்தட்டோ?” என்றான்.

“ஓம், கொத்து. நிறையக் கிடக்கு.”

தேத்தண்ணிப் போத்தல் காரில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். காரை அன்று காலை மேட்டுக்கு அப்பால் நிறுத்தியதும் நான்தான்.

குண்டு வெடித்தது விபத்து என்று ஜேர்மன் பொலிஸ் எழுதியது. “கடைசி நேரம் நீங்கள் பக்கத்தில நிண்டது பெரிய ஆறுதல் சூசை அண்ணை,” என்றாள் அவன் மனைவி ஜூலியா. நேற்றுப் பத்திரிகையில் அவன் படம் வந்திருந்தது: போர்க்களத்தைக் கண்டுபிடித்து, அதற்காக உயிரையும் கொடுத்தவர். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதை இரண்டாவதாக எழுதுங்கள். முதலில், எலும்புக்காணியைக் கண்டுபிடித்தவர் சூசைரட்ணம்.