எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு

ஹலோ... ஹலோ, அக்கா... ஆமா, நான்தான். கேக்குதா?... கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டாச்சு. மேடைக்குப் பின்னாடி, உடை மாத்துற ரூம்ல உக்காந்திருக்கேன்... இல்ல, இன்னும் ஆரம்பிக்கல. எப்படி ஆரம்பிப்பாங்க? நான் போகலையே.

கோவம் இல்லக்கா. அருவருப்பா இருக்கு... வேற வார்த்தை வரல.

சொல்றேன், கேளு. நேத்து கச்சேரியில ஒரு இடம். அந்தப் பாட்டோட முதல் பாதிய திரும்ப வாசிக்கணும்னு நோட்ஸ் தாள்ல இருக்கு. வேண்டாம், நேரா அடுத்ததுக்குப் போயிடலாம்னு ஒத்திகையில கை தூக்கி முடிவு பண்ணியிருந்தோம்... ஆமா, எல்லாத்துக்கும் கை தூக்குவோம். ஜன்னல் திறக்கக்கூட கை தூக்குவோம். மேடையில முதல் வயலின்காரர் மறந்துட்டார். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். அத்தனை பேரும் அவர் பின்னாடியே போயிட்டாங்க. நான் மட்டும் பேசினபடி அடுத்ததுக்குப் போனேன்... எப்படி இருந்துச்சா? தூங்குற வீட்டுல ஒருத்தன் பீரோவை இழுத்த மாதிரி இருந்துச்சு. சிரிக்காத.

ஆமா... ஆமா ஆமா, தப்பு அவரோடதுதான்! அதைத்தானே நானும் சொல்றேன். காலையில கூட்டம் போட்டு, 'நீதான் தலை தூக்கிப் பாக்கல'ங்கிறாங்க. ஒருத்தர் விழுந்தா எல்லாரும் சேர்ந்து விழணுமாம். அப்பதான் கேக்கிறவங்களுக்குத் தெரியாதாம். எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்பு கேக்கணும், இல்லேன்னா என் இடம் காலி... கை தூக்கித்தான். முதல்ல தூக்கினது யாருன்னு நினைக்கிற?... அவரேதான்! கூசவேயில்ல மனுஷனுக்கு.

மேல யார்கிட்ட சொல்ல? எங்களுக்குத்தான் மேலன்னு ஒருத்தரே கிடையாதே. முன்னாடி நின்னு குச்சி ஆட்டி நடத்துற கண்டக்டர் இல்லாத குழுன்னுதானே நாடு நாடா போஸ்டர் ஒட்டறாங்க. ஒரு ஆள் இருந்தா அந்த ஆளையாவது திட்டலாம். இங்க யாரைக் கேட்டாலும் 'எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு'. வழவழன்னு... பிடிக்க ஒரு இடம் கிடையாது.

யாரு, என் பக்கத்துல உக்காந்து செல்லோ வாசிக்கிறவரா?... ஆமா, உன் வீட்டுல ஒரு வாரம் தங்கி, உன் கையால சாப்பிட்டவர்தான். அவரும் தூக்கினார். பாதி. காதைச் சொறியிற மாதிரி.

மாட்டேன்... மன்னிப்பு கேக்க மாட்டேன்க்கா. ஒரு வார்த்தைதானேன்னு சொல்லாத... தெரியும். இந்த வயசுல வேற எந்தக் குழுவும் என்னை எடுக்காது. தெரியும்கிறேன்ல!

ஆனா அவங்களால முடியாது. அந்த ஆளுயர வயலின், டபுள் பேஸ், குழுவுல ஒண்ணே ஒண்ணு, வாசிக்கிறவன் நான் ஒருத்தன். அடியில நான் இல்லேன்னா மேல இருக்கிற அத்தனையும் அந்தரத்துல நிக்கும். வந்து கதவைத் தட்டுவாங்க பாரு... இன்னும் தட்டல. எல்லாரும் சேர்ந்து தட்டணும்ல, அதான் லேட்.

இரு... ஒரு நிமிஷம்...

லைன்லதான் இருக்கேன். இங்க சுவத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர். மேடையில நடக்கிறது கேக்கும்... கை தட்டறாங்க. ஏன் தட்டறாங்க?... நாற்காலி இழுக்கிற சத்தம்... பேசாதக்கா. கொஞ்சம் பேசாத.

...

மூச்சு இழுத்தாங்க. எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுத்துத்தான் ஆரம்பிப்போம்...

...

நான் வாசிக்க வேண்டிய வரிய செல்லோக்காரர் வாசிக்கிறார்... ஆமா, அவரேதான், அந்த வில்லோட இழுப்பு எனக்குத் தெரியாதா. ஒரு இடத்துலகூட தடுமாறல. மத்தியானம் நான் ஹோட்டல் ரூம்ல படுத்திருந்தப்ப உக்காந்து பழகியிருக்காங்க. எல்லாரும் சேர்ந்து.

...

எப்படியா இருக்கு?

...

நல்லா இருக்கு... ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கு. சீ...

இல்ல, அழல... கால். என் கால் தானா தாளம் போட்டுக்கிட்டு இருக்கு, அவங்களோட சேர்ந்து. கையால அமுக்கிப் பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது...

வெச்சிடறேன்க்கா... இல்ல, அப்புறம் பேசறேன். இதை முழுசாக் கேக்கணும்.