துலுக்காணம் அவர்கள் காத்த ஏரியும் நாம் போட்ட கையெழுத்தும்

மேடையில் அமர்ந்திருக்கும் சர்பஞ்ச் அவர்களே, மா விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே, சபை ஆயர் அவர்களே, துலுக்காணம் அவர்களின் மனைவி ரத்னம்மா அவர்களே, பெங்களூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நம் காலனி மக்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சுமித்ரா. இதே காலனியில் பிறந்தவள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் அம்மாவைப் பார்க்க வருவேன். ஓட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

நம் முன்னாள் வார்டு உறுப்பினர் துலுக்காணம் அவர்கள் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் எனக்கு அழுகை வரவில்லை. தோப்பில் மயங்கி விழுந்தார் என்று போன் வந்தபோது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தாளை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. உருக்கமாகப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் தெரிகிறது.

அவர் பெரிய படிப்புப் படித்தவரா? இல்லை. பணக்காரரா? இல்லை. கட்சியில் பதவி வகித்தவரா? அதுவும் இல்லை. நிலமில்லாத வீட்டில் பிறந்து, எழுபதுகளில் அரசு கொடுத்த ஒன்றரை ஏக்கர் பட்டாவில் மாங்கன்று வைத்தவர். அவருக்கு இரண்டு ஆசான்கள் என்று அவரே சொல்வார்.

ஒருவர் மிஷன் பள்ளி ஆசிரியர் அசரியா. தமிழோடு தெலுங்கும் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். எந்த மனுவையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடவிடுவார். இன்னொருவர் பள்ளிக்கூடமே போகாத பொன்னியம்மா. நடவுக் கூட்டத்தின் தலைவி. "அந்தம்மா வரப்புல குந்திக்கினு இருக்கும். ஒருத்தி கொறஞ்சாலும் கூலி பேசாது. ரெட்டியார் கத்துவாரு. இது வெத்தல போட்டுக்கினு வானத்தப் பாக்கும்" என்று துலுக்காணம் அவர்கள் சொல்லிச் சிரிப்பார்.

அவர் அரசியல் முழுவதும் இந்த இருவரிடமிருந்து வந்ததுதான். படிக்காமல் கையெழுத்து இல்லை. எல்லோரும் வராமல் பேச்சு இல்லை.

நான் அவரை எளிதில் நம்பியவள் அல்ல. பட்டத்துக்காகப் பஞ்சாயத்துகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தொண்ணூற்று ஏழு என்று நினைவு. கிராமசபை என்பது கையெழுத்துக்காக வீடு வீடாகப் போகும் ஒரு பதிவேடு மட்டுமே என்பது என் முடிவு. புள்ளிவிவரம் அதைத்தான் சொன்னது. அவர் கேட்டார்:

"எங்களப் பத்தி இன்னா பாப்பா எழுதின?"

"கூட்டத்துக்கு யாரும் வர்றதில்லன்னு எழுதினேன் மாமா."

"நீ வந்தியா?"

ஆய்வேட்டைப் பரிசோதித்த மூன்று பேராசிரியர்களில் ஒருவரும் என்னை இந்தக் கேள்வி கேட்கவில்லை!

மாம்பழக்கூழ் தொழிற்சாலை வந்தது அதற்கடுத்த வருடம். வேலை கிடைக்கும் என்றார்கள். நம்மில் பதினொரு பேருக்குக் கிடைத்தது, சீசனில் மட்டும். மற்றவர்கள் பஸ் ஏறினோம். பிறகு அவர்களுக்குக் கழிவுநீர் விட இடம் தேவைப்பட்டது. நம் ஏரிப் புறம்போக்கில் நான்கு ஏக்கர் கேட்டார்கள். காலனியின் குடிநீர் போர்வெல் அந்த நான்கு ஏக்கரை ஒட்டித்தான் இருக்கிறது. கிராமசபை தீர்மானம் போட்டால்தான் நிலம் கைமாறும். மூன்று முறை அது சபைக்கு வந்தது. மூன்று முறையும் தோற்றது. தோற்கடித்தது யார்?

கெங்கம்மா ஜாத்திரைக்கு ஊர் முழுக்கத் திரும்பி வரும் அல்லவா? மறுநாள் காலையில் துலுக்காணம் அவர்கள் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். பையோடு வருகிறவர்களை மடக்கி, அடுத்த சபைக்கு எந்த வீட்டிலிருந்து யார் வருவது என்று முறை வைப்பார். அங்கேதான் நம் சிட்டிபாபு மாட்டிக்கொண்டார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார்.

"ஏண்டா சிட்டிபாபு, பெங்களூர்ல நீ இருக்கற அபார்ட்மெண்ட்டுல மீட்டிங் போட்டா போவியா?"

"நான் அங்க வாட்ச்மேன் நைனா. என்ன யாரு கூப்புடுவாங்க?"

"அங்க வாட்ச்மேனு. இங்க நீ ஓனரு. குந்து."

சிட்டிபாபு உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. அந்த ஆண்டு சபைக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். எண்ணியவள் நான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

நம் பிள்ளைகள் வெளியூர் போகத் தொடங்கிய பிறகு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சாவு வீட்டில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கிறோம். வந்தவர்கள் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நேரத்துக்கு வர முடியாத பிள்ளைகள், யார் யார் வந்தார்கள் என்று பிறகு பார்த்துக்கொள்வார்கள். துலுக்காணம் அவர்களின் படத்துக்குப் பக்கத்திலும் ஒரு நோட்டு இருந்தது. நீளமான, கட்டம் போட்ட நோட்டு. மேலே ஏதோ தெலுங்கில் எழுதியிருந்தது.

முதல் கையெழுத்து என்னுடையது. எனக்குத் தெலுங்கு நன்றாகப் படிக்கத் தெரியும். நான் படிக்கவில்லை. பேனாவை நீட்டினார்கள், போட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள், "மேடமே போட்டாங்க" என்று போட்டார்கள். நூற்று அறுபத்தேழு பேர். போடாதவர் ரத்னம்மா அக்கா ஒருவர்தான்.

மூன்றாம் நாள் அக்கா என்னைக் கேட்டார்.

"அந்த நோட்டு எங்கம்மா? ஊட்ல காணமே."

"வந்தவங்க பேருதானே அக்கா. யாராவது எடுத்து வெச்சிருப்பாங்க."

"பேருதானா? படிச்சியா?"

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். நோட்டு அங்கே மேசைமேல் இருந்தது. அது கிராமசபை வருகைப் பதிவேடு. பக்கத்தின் தலைப்பில் வரும் செவ்வாய்க்கிழமையின் தேதி. இன்னும் நடக்காத கூட்டத்துக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். அடுத்த பக்கம் ஏரி நிலத் தீர்மானத்துக்காகக் காலியாக இருந்தது.

"எப்புடூ இலாகே கதா மேடம்" என்றார் அங்கிருந்தவர். எப்போதும் இப்படித்தானே என்று. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

அந்த நோட்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தது யார்? எனக்குத் தெரியாது. இன்று இந்த மேடையில் அதைக் கேட்கவும் மாட்டேன். வைத்தவர் ஒருவர். படிக்காமல் போட்டவர்கள் நூற்று அறுபத்தேழு பேர். அவர் உயிரோடு இருந்து கூட்டிய எந்தச் சபைக்கும் இத்தனை பேர் வந்ததில்லை. அவர் சாவுக்கு வந்தோம். வந்து, அவர் மூன்று முறை தோற்கடித்ததற்குக் கையெழுத்துப் போட்டோம். அவர் உடல் அங்கே கிடக்கும்போதே போட்டோம்!

அவரைத் தலைவர் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். அவர் நம்மிடம் என்ன கேட்டார்? சிலை கேட்டாரா? தெருவுக்குத் தன் பெயர் வைக்கச் சொன்னாரா? அரைநாள் வந்து தரையில் உட்காரச் சொன்னார். வாசிப்பதைக் கேட்கச் சொன்னார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னார். பல வருடம் அவர் நம்மிடம் வைத்த கோரிக்கை இவ்வளவுதான். அது நடக்கும் என்று அவர் நம்பினார். நான் இன்றும் அவ்வளவாக நம்பவில்லை. நம்பாதவர்களும் போய் உட்காரலாம். அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

உங்களில் பலர் இன்று ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை ஷிப்ட் இருக்கிறது. லீவு இனிமேல் கிடைக்காது. நாளை மறுநாள்தான் செவ்வாய்க்கிழமை. விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிது என்பதும் தெரியும். எனக்கு அரசுச் சம்பளம், லீவு இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விதியைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்து, இது இந்தச் சபையில் நான் போட்ட கையெழுத்து அல்ல என்று சொன்னால் அதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். கடிதம் போதாது. போனில் சொன்னால் போதாது. ஒருவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேர் வந்து சொன்னால் அந்தப் பக்கம் செல்லாது. வராவிட்டால் அது செல்லும், அடுத்த பக்கமும் நிரம்பும், வைகாசிக்குள் ஏரியில் குழாய் இறங்கும்.

துலுக்காணம் அவர்களே, உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம் என்று சொல்லித்தான் இங்கே பேச்சை முடிக்க வேண்டும். எல்லோர் சார்பாகவும் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் சார்பாக மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நான் பஞ்சாயத்து ஆபீசில் இருப்பேன். அந்தப் பக்கத்தின் தலைப்பை இரண்டு தடவை உரக்கப் படிப்பேன். பிறகு முதல் கையெழுத்தை அடிக்கச் சொல்வேன். அது என்னுடையது.

அதன் கீழே இருக்கிறவை உங்களுடையவை. அவற்றை நான் அடிக்க முடியாது.