மன்சாவு என்ற சொல்லின் மூன்றாம் பொருள்

தலைமை தாங்கும் பாண்டிருப்புச் சாமித்தம்பி ஐயா அவர்களே, முஹ்ஸின் மௌலவி அவர்களே, கடைகளைப் பூட்டிவிட்டும் தோணிகளைக் கரையேற்றிவிட்டும் வந்திருக்கும் நிந்தவூர் மக்களே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

மொழிச்சிற்பி நளீம் மாஸ்டரை 'மறைந்தவர்' என்று சொல்ல என் நாக்குக்கு இன்னும் மனம் வரவில்லை.

தனியொரு மனிதன் ஒரு மொழியைப் படைக்க முடியுமா? நம் மாஸ்டர் படைத்தார். போர்த்துக்கேயர் போனார்கள், அலுமாரியும் கதிரையும் சப்பாத்தும் நம் வாயில் தங்கிவிட்டன. அவர்கள் மொழி முழுவதுமே இந்தக் கரையில் தங்கி, நம் வாயில் தேய்ந்து வளர்ந்திருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தார். அந்த மொழிக்குத் தாயான இலத்தீனின் வேர்களை எடுத்துச் சொல் சொல்லாகக் கட்டினார். கொஸ்தானா, கரைமொழி, என்று பெயரிட்டார்.

"போத்துக்கீசனே போயிட்டான், நீங்க ஏன் மாஸ்டர் அவண்ட பாஷைக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்று சாமித்தம்பி ஐயா பகிடி பண்ணினார்.

"அவன் போனா என்ன, அலுமாரிய உட்டுட்டுத்தானே போனான்" என்றார் மாஸ்டர்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேரைச் சொல்வார், பொருளைச் சொல்வார், பிறகு வரப்போகும் பொருளையும் சொல்வார். ருவா: இலத்தீனில் தோலில் விழும் சுருக்கம், கொஸ்தானாவில் தெரு, வரப்போகும் பொருள் கடல் நுழையும் வழி. சிரித்தோம். போன மாரியில் கடற்கரைத் தெருவுக்குள் அலை வந்தது. அப்போது யார் சிரித்தோம்?

மன்சாவு என்று ஒரு சொல். வேர், தங்குதல். பொருள், வீடு. வரப்போகும் பொருள், அலைக்கடியில் கிடக்கும் அத்திவாரம். இதை இதே மண்டபத்தில் வாசித்துவிட்டுப் போய், கடலுக்கு எட்ட, மெயின் வீதிக்கு மேற்கே வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார். சாமான் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

சாமான் கட்டியபடியே கிடக்கிறது. அவர் மனைவி பாஹிமா கடற்கரைத் தெருவின் அந்தக் கடைசி வீட்டில் இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவள் அந்தக் காலம் முடியும்வரை அவன் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்பது நம் மார்க்கம். பாஹிமா தாத்தா, அக்கா, என்று அழைக்கும் என் மனைவி சுபைறா நேற்றுப் போனாள். குசினிப் படிவரை தண்ணீர்.

"தாத்தா, அவர் மௌத்தான ஊட்ட உட்டுட்டு நான் வாசலத் தாண்டேலா. கடல் வந்தா வரட்டும். அல்லாஹ்ட முகத்துல நான் முழிக்கணும்" என்றாராம் பாஹிமா.

உயிருக்கு ஆபத்தென்றால் வேறு வீட்டில் இத்தாவைத் தொடரலாம் என்று சுபைறா சொல்லிப் பார்த்தாள். "மௌலவி சொல்லட்டும்" என்றாராம்.

சபையோரே, எனக்குக் கோபம் வருகிறது. அவரைப் புகழ நாம் இத்தனை பேர் திரண்டிருக்கிறோம், அவருடைய மனைவி அலைக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறார். இதுவா அஞ்சலி?

அவர் பாதியில் விட்ட கொஸ்தானா அகராதியை நாங்கள் முடிப்போம், இது உறுதி. ஆனால் அந்த மூன்றாம் பொருளுக்கு ஓர் உயிரைச் சான்றாகக் கொடுக்கமாட்டோம். இன்னும் பேச நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் என்னை மன்னிக்கட்டும். வாடைக்காற்று எழும்பிவிட்டது, இங்கிருந்தே கேட்கிறது.

மௌலவி அவர்களே, பாஹிமா காத்திருக்கும் சொல்லை நீங்கள் சொல்லுங்கள், துஆவை அந்த வாசலில் நின்று ஓதுவோம். எழும்புங்கள்.