ஏரோப்ளேன் ஜகந்நாதன்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். கதையிலும் அப்படித்தான்.

அறுபத்து நாலில் கேப்டன் அருணாச்சலம் எஞ்சின் கெட்டுப்போன குட்டி விமானத்தைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பாதி வறண்ட ஏரியில் இறக்கினார். அப்போது நான் ரயில்வே கார்டு. சிக்னலுக்காக நின்ற கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். என் சிவப்புக் கொடியை ஆட்டி வழிகாட்டியது நான்தான் என்று அன்று சாயங்காலமே திருவள்ளூரில் சொல்லிவிட்டேன்.

முதல் வருஷம் எஞ்சினில் வெறும் புகை. மூன்றாம் வருஷம் நான்கு எஞ்சினிலும் தீ; ஆரணி ஆற்று மீன்கள் வெந்து மிதந்தன. ரிடையரான பிறகு, விமானத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தையே ஏற்றினேன். ஊரே என்னை ஏரோப்ளேன் ஜகந்நாதன் என்றது. என் சம்சாரம் அலர்மேல்மங்கைகூட நம்பினாள். பொய் என்று எழுதாதீர்கள். விமானத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அவ்வளவுதான்.

விமானம் இறங்கி ஒன்பது வருஷம் கழித்து, கேப்டனின் வாழ்க்கையைப் படமாக்க வந்தார்கள். கொடியாட்டும் கார்டாக நானே நடிப்பதாக ஏற்பாடு. நேற்று கேப்டனே ஷூட்டிங் பார்க்க வந்தார். செட்டுக்கு மரச்சட்டம் சுமந்துகொண்டு காலை இழுத்து இழுத்து வந்த செங்கல் சூளை சின்னராசுவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"இவர்தான்யா! சிவப்புத் துண்டு ஆட்டினவர். என்னை வெளியே இழுத்துப் போட்டதும் இவர்தான்!"

சின்னராசு நெளிந்தான். "வரச் சொல்லி எங்க சார் ஆட்னேன்? இந்தாண்ட சேறு, வராத வராதன்னு ஆட்னேன்."

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லலை?" என்றேன்.

"நீங்க நல்லா சொல்லிக்கினு இருந்தீங்கோ, கார்டய்யா. கேக்க எனக்கே ஷோக்கா இருந்துச்சு. நடுவுல பூந்து இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டைரக்டர் என் வேஷத்தை எடுத்துவிட்டார். துண்டு அவனுக்கு, விசில் எனக்கு.

வேலை சுலபம். லாரிமேல் கட்டிய அட்டை விமானம் புகைக்குள்ளிருந்து வரும். டிரைவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. புகையைப் பரப்பும் காற்றாடி இரைச்சலில் சின்னராசுவுக்கு லாரிச் சத்தமும் கேட்காது; விசில் மட்டும்தான் எட்டும். மேட்டில் நிற்கும் எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். நான் ஊதியதும் அவன் விலக வேண்டும்.

இன்று காலை அவனிடம் சொன்னேன்: "அவசரப்பட்டு ஓடிக் காட்சியைக் கெடுத்துடாதே. உன் காலையும் மனசுல வச்சுண்டு முன்கூட்டியே ஊதறேன்."

"நீங்க ஊதாம நான் நவுரமாட்டேன், கார்டய்யா."

என் சர்வீஸில் நான் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. சின்னராசுவும் நகரவில்லை.

விசிலில் கோளாறா என்று கேட்கிறீர்கள். இல்லை. உதட்டில்தான் இருந்தது. மூச்சும் இருந்தது. பிடித்து வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு அதே காட்சியைத் திரும்ப எடுத்தாக வேண்டும். துண்டு ஆட்ட ஆள் வேண்டுமே, சார். விடிந்ததும் என்னை அனுப்பிவிடுவீர்கள்தானே?